வயது முப்பதுக்கு மிகாமல்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். நீங்கள் எழுதுகிற தாள் பறக்கிறது. ஆபீஸிலேயே காலம் தள்ளியவள் நான், தாள் பறந்தால் எனக்குப் பேச்சு ஓடாது.

பேராசிரியர் ஐயாவிடம் வேதியியல் ஆய்வுக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. மூன்றாம் வருடம் அவர் துறைத்தலைவர் ஆனார். "ஆறு மாசம் ஆபீஸைப் பாத்துக்கம்மா, உன் தீசிஸ் எங்கே ஓடிப்போகுது?" என்றார். ஆறு மாதம் பத்தொன்பது வருடமானது. அவர் துணைவேந்தரானார். அவருடைய கடிதம், உரை எல்லாம் என் எழுத்து. என் ஆய்வு மூன்று அத்தியாயத்தோடு அலமாரியில் கிடந்தது. வருத்தமில்லை, விரும்பித்தான் செய்தேன்.

அவர் ஓய்வு பெறும் சமயம், கேடயம் கொடுக்கலாம், படம் மாட்டலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் பெயரில் ஆய்வு உதவித்தொகை நிதி தொடங்கலாம் என்றது நான். பாதியில் ஆய்வை நிறுத்திய பெண்களுக்கு என்று விதி எழுதியதும் நான். படித்துவிட்டு ஐயா கண் கலங்கினார். "மொதல் ஆளா நீதாம்மா வாங்கணும்" என்றார். அன்று மாலையே அலமாரியைத் திறந்து தூசி தட்டினேன்.

விதிகளின் அச்சுப்படி அவரிடமிருந்து திருத்தி வந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: வயது முப்பதுக்கு மிகாமல்.

போய்க் கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா இனிமே? சின்னப் பிள்ளைங்க முன்னுக்கு வரட்டும். புதுசா வர்றவருக்கும் ஆபீஸ் தெரிஞ்ச ஆள் வேணும்ல?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நியாயம்தான். "சமைச்சவளுக்கே சோறில்லையா?" என்று எங்கள் எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விழாவில், நீங்கள் கேட்கிற அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் உதவித்தொகை. சான்றிதழ் வைத்த தட்டை ஏந்தி நின்றது நான். எல்லோரும் கைதட்டினார்கள். கையில் தட்டு இருந்ததால் என்னால் தட்ட முடியவில்லை.

அவள் தங்கமான பெண். குழந்தை பிறந்ததும் ஆய்வை விட்டவள். "அக்கா, லேப் வேலையெல்லாம் மறந்தே போச்சு, கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று வந்தாள். மதிய இடைவேளைகளில் சொல்லிக்கொடுத்தேன். எதோடு எது சேரக் கூடாது, குப்பியின் சீட்டைப் படிக்காமல் ஏன் தொடக் கூடாது, எல்லாம். படித்துவிட்டுத்தான் தொட்டாள். அவள் கவனத்தில் குறையே சொல்ல முடியாது.

இரண்டு குப்பிகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டியது நான். கலவை வெடித்த அன்று காலை அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கிப்போனதும் நான். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் இனி பார்வை வராது என்றார்கள். குழந்தை அவள் முகத்தில் போட்டிருந்த கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. என் குரல் கேட்டதும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளைக்கா, நீங்க பக்கத்துல இல்ல."

ஐயா மேல் கோபத்திலா செய்தேன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அவர் மேல் எனக்கென்ன கோபம்? அவர் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. பக்குவமாகச் சொல்லுங்கள், தாங்கமாட்டார்.

சொல்லியாயிற்றா? என்ன சொன்னார்?

"'யாரு, ஆபீஸ்ல டைப் அடிச்ச அம்மாவா? எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லையே'ன்னாரும்மா."

போனில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். நான்தான் என்று தெரிந்தால் உடனே கிளம்பி வருவார்.