அப்பிள் மணத்த நிலவறை

ஷெல் குத்திவிட்டார்கள்.

சத்தம் கடற்கரைப் பக்கமிருந்து வருகிறது. தும். ஒரே ஒரு தும். காதுக்கு முன்னம் அடிவயிற்றுக்குக் கேட்கிற சத்தம். ஷெல் குழாயை விட்டுக் கிளம்பும்போது அப்படித்தான் கேட்கும். வெடிப்பது பிறகு. இரண்டுக்கும் இடையில் உள்ள நேரம்தான் நமக்கு உள்ள நேரம். நான் எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு.

"குத்திட்டான்! கீழை ஓடுங்கோ! பிள்ளையைத் தூக்கு!"

கத்துவது ரீற்றா அக்கா. மன்னார்க்காரர். கையிலிருந்த பால் கேத்தலைப் போட்டுவிட்டார். பால் மண்டபத் தரையில் ஓடுகிறது. அவர் பெரிவானின் கையைப் பிடித்து இழுக்கிறார். பெரிவான் குர்திஷ் பெண். அவள் இடுப்பில் ஐந்து வயது மகள் ஷிலான். நான் பின்னால் நின்று தள்ளுகிறேன். பால் வழுக்குகிறது. மூன்று. நான்கு.

வெடிக்கிறது. கண்ணாடிகள் அதிர்கின்றன. ஷிலான் வீரிடுகிறாள்.

மறுபடியும் தும். தும்.

படிகள். இருட்டு. நிலவறை. தடித்த பலகைக் கதவு. ரீற்றா அக்கா அதை இழுத்துச் சாத்துகிறார். இரும்புத் தாழ்ப்பாளைப் போடுகிறார்.

இது மன்னார் இல்லை. யாழ்ப்பாணமும் இல்லை. இத்தாலியின் பலெர்மோ. கால்சா என்ற பழைய கடலோரப் பகுதியில், ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபம். 1998, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த நேரம். திகதியை நான் குறித்து வைக்கவில்லை. சத்தத்தைக் குறித்து வைக்கத் தேவையில்லை. அது போகவில்லை.

பெரிவான் அங்கே எப்படி வந்தாள் என்று சொல்லவேண்டும். அந்த மாரியில் துருக்கிப் பக்கமிருந்து ஒரு கப்பல் இத்தாலியின் தெற்குக் கரையில் ஒதுங்கியது. நிறைய குர்திஷ் சனம். ஊர் எரிந்தவர்கள். இரண்டு மூன்று தரம் இடம்பெயர்ந்து, போக வேறு திசை இல்லாதவர்கள். சில குடும்பங்களைப் பலெர்மோவுக்கு அனுப்பினார்கள். ஃபாதர் பங்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். உதவிக்கு ஆட்கள் வேண்டும் என்றார். தமிழ்ப் பூசைக்கு வந்த சனம் கை தூக்கியது. நான் சைவ சமயத்தவள். ஆனாலும் நாலு சனத்தோடு தமிழில் கதைக்க ஞாயிறுகளில் அங்கேதான் போவேன். நானும் கை தூக்கினேன்.

நாங்கள் எல்லாரும் வீட்டுவேலைக்காரர். லிபெர்த்தா வீதியில் ஒரு வயோதிபப் பெண்ணை, சிஞ்ஞோராவை, நான் பார்த்துக்கொண்டேன். ரீற்றா அக்கா மூன்று வீடுகளில் சமைத்தார். வேலை வீடுகளில் வாய்விட்டுக் கேட்டோம். குறை சொல்லக்கூடாது, அள்ளித் தந்தார்கள். என்ன தந்தார்கள்? விருந்துக்குப் போடும் சட்டைகள், பாதிக்கு முதுகே இல்லை. பனிச்சறுக்குச் சப்பாத்து, இடது கால் மட்டும். நரித்தோல் கழுத்துப்பட்டி ஒன்று, நரியின் தலையோடு. ஷிலான் அந்த நரிக்குப் பால் பருக்கினாள். "அது குடியாது மோனை, அதுக்கு வயிறு இல்லை" என்றார் ரீற்றா அக்கா. பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு அந்தச் சட்டைகளில் கோபம் இல்லை. 95 ஐப்பசியில், யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நின்றேன். அப்பாவும் நானும். யாரோ ஒரு மனிதர் சிரட்டையில் தேத்தண்ணி தந்தார். சீனி இல்லை. முகம் ஞாபகமில்லை. சூடு ஞாபகம் இருக்கிறது. அகதிக்குக் கொடுக்கிற எதுவும் வீணாகாது என்று நம்பித்தான் இந்த மண்டபத்துக்கு வந்தேன்.

ஆனால் பெரிவானுக்குக் கொடுப்பது கஷ்டமாக இருந்தது. நிலவறையில் சூடான ஓர் அறை இருந்தது. நல்ல கட்டில், தடித்த கம்பளி. அவள் எட்டியும் பார்க்கவில்லை. பிள்ளையோடு மாடிப்படியின் உச்சியில், மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில், குளிருக்குள் படுத்தாள். கப்பலிலும் அப்படியாம். மற்றவர்கள் அடித்தட்டில் ஒடுங்கிக்கிடக்க, இவள் மேல்தட்டில் காற்றுக்குள் கிடந்தாளாம். சந்தை வியாபாரி ஒருவர் பெட்டி பெட்டியாக அப்பிள் அனுப்பியிருந்தார். ஷிலானுக்கு ஒன்றைக் கொடுத்தேன். பெரிவான் அதைத் தட்டிவிட்டாள். அப்பிள் மண்டபம் முழுக்க உருண்டது.

"உதவி வாங்க வந்தவைக்கு இவ்வளவு எடுப்போ?" என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். பெட்டிகளை நிலவறையில் அடுக்கிவிட்டோம்.

ஷிலானுக்கு நெஞ்சில் சளி. மூச்சு விசிலடித்தது. சனிக்கிழமை டாக்குத்தர் வந்தார். நிமோனியா, உடனே ஆஸ்பத்திரி, பிந்தினால் பிள்ளை தப்பாது என்றார். பெரிவான் மாட்டேன் என்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு குர்திஷ் பொடியன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவன் நெடுநேரம் கெஞ்சினான். கடைசியில் அவள் இப்படி ஒத்துக்கொண்டாள்: திங்கட்கிழமை வருகிறேன். ரீத்தா கூட வரவேண்டும். ரீத்தா கையில் தவிர வேறு யார் கையிலும் பிள்ளையைத் தரமாட்டேன்.

ரீற்றா அக்கா அவள் வாயில் ரீத்தா. அவரை அவள் நம்பினாள். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா தினமும் வேலை முடிந்து வந்து பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவார். பேசமாட்டார். தாய் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். இரண்டு பேருக்கும் அது போதும் போலிருந்தது.

ரீற்றா அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எட்டு வயதும் ஐந்து வயதும். மன்னாரில், வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். குத்திய சத்தம் கேட்டது. அக்கா பங்கர் வாசலில் நின்று கூப்பிட்டார். பிள்ளைகள் கிணற்றடியில். மூத்தவன் ஓடி வந்தான். பிறகு தங்கச்சிக்காகத் திரும்பி ஓடினான். எண்ணி முடிவதற்குள் விழுந்துவிட்டது. உள்ளே நின்ற அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று பிள்ளைகளை எட்டாத கைதான் இப்போது தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நிலவறை. இருட்டு. சூடு. மூடிய அறைக்குள் அப்பிள் மணம் மூக்கில் அடிக்கிறது. இனிப்பாக. கனமாக. பெரிவான் ஒருமுறை மூச்சை இழுக்கிறாள். அவ்வளவுதான். அவள் குரல் மாறுகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறாள். எனக்கு அந்தச் சொல் தெரியாது. தலைச்சீலையை உருவுகிறாள். மூலையில் இருந்த வாளித் தண்ணீரில் முக்குகிறாள். சொட்டச் சொட்ட அதைப் பிள்ளையின் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்துகிறாள்.

"ஐயோ, பிள்ளையைக் கொல்லுறாள்! மூச்சு விடேலாது அதுக்கு! எடு! எடு!"

ரீற்றா அக்கா சீலையைப் பறிக்கிறார். பெரிவான் விடவில்லை. இழுபறி. ஷிலான் இருமுகிறாள். உதடு நீலம். பெரிவான் கதவில் போய் மோதுகிறாள். தாழ்ப்பாளைத் தேடுகிறாள். அக்கா கதவை மறித்து நிற்கிறார். இரண்டு கையையும் விரித்து.

"போகாதை! வெளியிலை விழுகுது! மேலை போனா சாவாய்!"

பெரிவான் அவரை அடிக்கிறாள். முகத்தில். அக்கா அடியை வாங்குகிறார். நகரவில்லை. மேலே தும். வெடி. தும். வெடி. நான் நடுவில் நிற்கிறேன். யார் கையைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் விசில் மூச்சு மட்டும் கேட்கிறது.

பிறகு வெடி நின்றது. அந்த அமைதிக்குள் ஒரு பாண்ட் வாத்தியம் கேட்டது. ட்ரம்பெட். மத்தளம். கைதட்டல்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கோயில் மணி அடிக்கும் சால்வோ. "சிஞ்ஞோரே! அங்கே என்ன செய்கிறீர்கள்? ஃபெஸ்தா! ஃபெஸ்தா!" சிரிப்புக் குரல். கால்சாவின் மூலையொன்றில் ஒரு சிறிய கோயிலின் திருநாள். புனிதரின் சுரூபத்தைத் தூக்குவதற்கு முன் வாண வெடி போடுவது வழக்கம். குழாயில் போட்டு வானத்துக்கு எறிவார்கள். பட்டப்பகலில், வெறும் சத்தத்துக்காக. தெருவில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவர்கள் ஷெல் குத்தும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

தாழ்ப்பாள் திறந்தது. பெரிவான் பிள்ளையோடு படிகளில் பாய்ந்தாள். மண்டபத்தில் நிற்கவில்லை. முதல் மாடி, இரண்டாம் மாடி, மொட்டைமாடி. அங்கே, புகைக்கூண்டுக்குப் பக்கத்தில், கடல் காற்றுக்குள் குந்தினாள்.

மத்தியானம் மொழிபெயர்க்கும் அந்த மாணவன் வந்தான். மேலே போய் அவளோடு கதைத்தான். இறங்கி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

பத்து வருடத்துக்கு முன், ஒரு பங்குனி நாள். அவளுடைய ஊரில் விமானம் குண்டு போட்டது. சனம் பழக்கப்படி நிலவறைகளுக்குள் போனது. பெரிவானின் தாயும் அவளுடைய மூத்த பிள்ளைகள் இருவரும் போனார்கள். அவள் ஆடுகளோடு மலைச்சரிவில் நின்றாள். அன்றைய குண்டு வேறு. நச்சுவாயு. அந்த வாயு கனமானது. பள்ளம் பார்த்து இறங்கும். கீழே போய்த் தங்கும். நிலவறைக்குள் போனவர்கள் அங்கேயே, ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தபடி. மேலே ஓடியவர்கள், ஈரத்துணியால் மூக்கைப் பொத்தியவர்கள், சிலர் தப்பினார்கள். அவள் பிறகு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே அப்பிள் மணந்ததாம்.

அவள் நிலவறையில் கத்தியது என்ன சொல் என்று கேட்டேன்.

"மேலே," என்றான்.

ரீற்றா அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேலை நிண்டு என்ரை பிள்ளையள் போச்சுதுகள். கீழை இருந்து அவளின்ரை பிள்ளையள் போச்சுதுகள். அப்ப சனம் எங்கை தானடி ஓடுறது, வசந்தி?"

நான் அவர் கன்னத்தில் ஈரத்துணி வைத்தேன்.

பால் காய்ச்சிக்கொண்டு அக்கா மேலே போனார். பெரிவான் ஒரு கையை நீட்டித் தடுத்தாள். கிட்ட வராதே. அக்கா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுப் படியில் குந்தினார். பொழுதுபடும் வரை அங்கேயே இருந்தார். பால் ஆடை கட்டியது. ஃபாதர் வந்து பேசினார். டாக்குத்தருக்கு டெலிபோன் எடுத்தோம். பலவந்தமாகப் பறிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடினார். ஒருமுறை பறித்தது போதும்.

திங்கட்கிழமை விடிய நான் வந்தபோது மொட்டைமாடியில் எவரும் இல்லை. இன்னொரு குடும்பத்தோடு வடக்குப் போகும் ரயிலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஜெர்மனியில் தம்பி ஒருவன். விலாசம்கூடச் சரியாகத் தெரியாது.

ஓடினோம். அக்காவும் நானும், வியா லிங்கன் வீதி முழுக்க. மழை தூறியது. ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரயில் நிலையம். மேடை மேடையாகப் பார்த்தோம். ரயில் நின்றது. பெட்டி பெட்டியாக ஜன்னல்கள். அக்காதான் கண்டார்.

பெரிவான் ஜன்னலோரம் இருந்தாள். ஷிலான் மடியில். கழுத்தில் அந்த நரித்தோல். கண் மூடியிருந்தது. மூச்சு விசிலடித்ததா, தெரியாது. கண்ணாடி மூடியிருந்தது.

"பெரிவான்! இறங்கு! பிள்ளை தப்பாது, இறங்கு! ஆஸ்பத்திரி! ஒஸ்பெதாலே!"

அவளுக்குத் தமிழ் கேட்டிருக்காது. கேட்டாலும் விளங்கியிருக்காது. அவள் பார்த்தது அக்காவின் கையை. இறங்கு, இறங்கு என்று அக்காவின் கை கீழே காட்டியது. முந்தின நாள் நிலவறைப் படியில் அவளை இழுத்த அதே கை. அதே கீழே.

பெரிவான் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. இல்லை, ரீத்தா, மாட்டேன் என்பது மாதிரி. பிள்ளையை மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டாள். இன்னும் கொஞ்சம் உயரத்தில். ரயில் அசைந்தது.

மண்டபத்துக்குத் திரும்பி வந்து அப்பிள் பெட்டிகளை வெளியே எடுத்தோம். மிச்சக் குடும்பங்களும் அதைத் தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இழந்தவர்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ரீற்றா அக்காவின் மகன், எட்டு வயது. மகள், ஐந்து வயது. மேலே.

பெரிவானின் தாய். மூத்த மகள். மகன். கீழே. அவள் புருஷன், எல்லையில் பிரிந்தவர். தகவல் இல்லை.

என் அப்பா. சாவகச்சேரியில், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில். காய்ச்சல்.

பலெர்மோ ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில், வெள்ளை விரித்து, திங்கட்கிழமை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது.

ஷிலான். ஐந்து வயது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் மாணவனிடம் கேட்டோம். அவனுக்கும் தெரியவில்லை. ரீற்றா அக்கா பூசையில் செத்தவர்களுக்காகச் செபிக்கும்போது அவள் பெயரைச் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்காகச் செபிக்கும்போது வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொள்வார்.