பில்லின் அடியில் ஓடிய வரி

— அப்ப அந்த மொளகாப் பொடி தப்புன்னே எழுதிட்டாய்ங்களா, பானு?

— ஆமாண்ணே. போன மாசம் உணவு ஆபீசர் எம் பிரியாணிக் கடைக்கு வந்து, பொடிய நாலு டப்பாவுல அள்ளி, சீல் வச்சுக் கொண்டு போனாருல்ல? சாயம் கலந்திருக்குன்னு லேபுல இருந்து கடுதாசி வந்துருச்சு. கேசு போடப் போறாங்களாம். யா அல்லா, இருவது வருசமா பேகம்பூர்ல ஒருத்தர் வயித்து வலின்னு எங்கிட்ட வந்ததில்ல.

— நீ என்ன சாயமா கலந்த? எங்கிட்ட வாங்குனதத்தான போட்ட.

— அதத்தான் வக்கீலும் கேட்டாரு. "வாங்குனத வாங்குன மாதிரியே வச்சிருந்தியா?"ன்னாரு. பைய அவுப்பேன், அளந்து போடுவேன், திரும்பக் கட்டிருவேன், ஒரு தூசு சேக்க மாட்டேன்னு சொன்னேன். "அப்ப சுத்தமான சரக்குன்னு வித்தவன் எழுத்துல உத்தரவாதம் குடுத்திருந்தா நீ தப்பிச்ச. கேசு அவன் பக்கம் திரும்பிரும்"ன்னுட்டாரு.

— நாம எங்க எழுதுனோம்? வாய்ச் சொல்லுதான. சரக்கு கெட்டதுன்னா கொண்டாந்து பெருமாள்சாமி மூஞ்சியில கொட்டுன்னு சொல்லித்தான இந்த மளிகைக் கடையில தராசையே தொடுவேன்.

— கொட்டத்தாண்ணே வந்திருக்கேன்.

— கொட்டு, கொட்டு. மொளகாப் பொடி மட்டும் கண்ணுல படாமக் கொட்டு.

— வெளாடாதீங்கண்ணே. இந்தா உங்க பில்லு. அடியில எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ்ல ஓடுதே, அது என்னன்னு தெரியுமா?

— யாரு கண்டா? பில் புக் அடிக்கப் போனப்ப, எண்ணெய்க் கம்பெனி பில்லு ஒண்ணப் பிரஸ்காரன்கிட்ட நீட்டி, இதே மாதிரி வேணும்னேன். மேல பேர மாத்து, கீழ இங்கிலீஷ் அப்பிடியே இருக்கட்டும், பாக்க கெத்தா இருக்குன்னேன். ஏன், வசவா எழுதியிருக்கு?

— "இதுல கண்ட சாமான் சட்டப்படி சுத்தமானது, அதுக்கு நானே பொறுப்பு"ன்னு எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வக்கீல் படிச்சுட்டு, இது போதும்மான்னு நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு.

— அடி ஆத்தீ! கடுகுல இருந்து கற்பூரம் வரைக்கும் ஆறு வருசமா நான் பத்திரம் எழுதியா குடுத்திருக்கேன்?

— சிரிக்காதீங்கண்ணே. இதக் கோர்ட்டுல குடுத்தா உங்க லைசன்சுக்கே ஆபத்து வரலாமாம். குடுக்கலன்னா எங் கடைய மூடணும். எம் மக காலேஜு படிக்கிறது அந்த அடுப்பாலதான்.

— குடு.

— அண்ணே...

— குடுன்னா குடு. வாயால சொன்னதத்தான அது இங்கிலீஷ்ல சொல்லுது? எம் பொடின்னா நாந்தான் நிக்கணும். எங்கிட்டயும் மில்லுக்காரன் பில்லு இருக்கு, நான் அவன இழுப்பேன். அவன் அவனுக்கு மேல உள்ளவன இழுக்கட்டும். சாயம் கலந்தவன் வாசல்ல போயி கேசு நிக்கட்டும். பெருமாள்சாமி சொல்லு மாறிட்டான்னு ஒருத்தன் பேசிறக் கூடாது. டீயக் குடி, ஆடை கட்டுது.

— எனக்குப் போயி டீ குடுக்குறீங்களேண்ணே.

— ஏத்தா, நாந்தான் சரின்னுட்டேன்ல. எதுக்கு அழுகுற?

— சரின்னுட்டீங்களே, அதுக்குத்தான். நீங்க கோவப்பட்டுக் கத்தியிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேன். அந்தப் பொடி உங்களது இல்லண்ணே.

— என்னது?

— தைப்பூசத்துக்கு நீங்க பழனிக்கு நடந்து போயி, நாலு நாளு கடையப் பூட்டிட்டீங்கள்ல? எனக்குக் கல்யாண ஆர்டரு, பொடி தீந்து போச்சு. சேவியரண்ணன் கடையில ரெண்டு கிலோ வாங்குனேன். ஆபீசர் அள்ளுனது அதத்தான். இந்தப் பில்லு அதுக்கு முந்தின வாரத்தோடது. வக்கீலுக்கும் தெரியாது.

— அப்ப இம்புட்டு நேரம் நான் எதுக்கு வீர வசனம் பேசுனேன்?

— மன்னிச்சிருங்கண்ணே. புத்தி கெட்டுப் போச்சு. இந்தாங்க உங்க பில்லு. ஆனது ஆகட்டும், நான் பாத்துக்கிறேன்.

— செத்த நேரம் பொறு தாயி. சேவியர் பில்லு குடுத்தானா?

— குடுத்தாரு. பில்லு எல்லாத்தையும் ஒரு கம்பியில குத்தி வச்சிருப்பேன், கம்பியோட இந்தப் பையிலதான் இருக்கு. அவரு எங்க உத்தரவாதம் எழுதப் போறாருன்னு நான் பிரிச்சே பாக்கல.

— அந்தக் கம்பிய எடு. போன ஆடியில இங்கதான் வந்து நின்னான். "பெருமாளு, பில் புக் அடிக்கணும், மாதிரிக்கு உன்னுது ஒண்ணு குடு"ன்னான். கிழிச்சுக் குடுத்தேன்.

— இருங்கண்ணே, உருவுறேன்... இந்தா, சேவியர் ஸ்டோர். தேதியும் அதேதான். அண்ணே! அடியில எறும்பு ஊருதுண்ணே!

— ஊரும், ஊரும்! பேர மட்டுந்தான மாத்துவான்? நீ மிச்ச டீயக் குடிச்சுட்டு நேரா வக்கீல்கிட்ட போ. நான் சேவியர் கடைக்குப் போறேன். அவனும் கடுகுல இருந்து கற்பூரம் வரைக்கும் பத்திரம் எழுதிக் குடுத்திருக்கான்னு யாராவது சொல்லணும்ல.