எடுக்காமல் போன வில்லை

விடியற்காலை மூன்றரை மணி. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது... பந்தலிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

சுருளிராஜன் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். நம் விஜியின் கொழுந்தன். 2005ஆம் வருஷம். விஜி இன்று நம் கூட்டத்துக்கு வரவில்லை, அவள் முன்னால் சொல்ல முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

ரோட்டின் கடைசியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. இடி இடித்துக் கரண்டு போய்த் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஆனால், குளிரூட்டும் மோட்டாரை ஓட்டுகிற புரோகிராம் எழவில்லை. விடிவதற்குள் எழாவிட்டால் பயிர் பண்ணுகிற சம்சாரிகளின் திராட்சை அத்தனையும் வீண். அந்தப் புரோகிராமை எழுதியவன் கர்ணன். சுருளிராஜனின் அண்ணன், விஜியின் புருஷன். இதே ரோட்டில் லாரி மோதிச் செத்து முப்பத்தாறு நாள்.

"அண்ணன் இருந்தா போன்லயே சரி பண்ணிருவாக தம்பி," என்றார் வாட்ச்மேன் வீரணன்.

"அவருக்கு இப்ப டவர் எட்டாதுண்ணே. என்னைய வச்சு ஒப்பேத்துங்க."

திரையில் ஒரே வரி. புரோகிராம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

சுருளிராஜனுக்குத் தெரிந்த கோளாறுதான். அந்தப் புரோகிராம் தொடங்கும்போது கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்த எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கும், இன்னொன்று கூடவே ஓடிவிடாமல் இருக்க. முறையாக நின்றால் ஃபைலை அழித்துவிட்டுப் போகும். பொசுக்கென்று கரண்டு போனால்... ஃபைல் மட்டும் மிஞ்சும். ஆள் இருக்காது.

"ஏலே, அந்த நம்பர்ல எதுவும் உசுரோட இருக்கான்னு பாத்துட்டு அழி." அண்ணன் சொல்லித் தந்தது.

பார்த்தான். 1183. அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை. அழித்தான். மோட்டார் உறுமியது.

கிளம்பும்போது வீரணன் குளிரறைக் கதவைக் காட்டினார். பக்கத்தில் ஓர் ஆணி. உள்ளே போகிறவர் தன் பேர் பொறித்த தகர வில்லையை அதில் மாட்டுவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். வில்லை தொங்கினால் கதவைத் தாழ் போடக் கூடாது. அடுத்தவர் வில்லையை எடுப்பதானால், கதவைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான்.

கர்ணனின் வில்லை தொங்கியது. கடைசி நாள், அவசரத்தில் எடுக்காமல் போயிருக்கிறான்.

"முப்பத்தாறு நாளா தாழ் போடல. குளிரு கசியுது. எடுக்க எங்களுக்குக் கை வரல... நீங்க கூடப் பொறந்தவரு."

சுருளிராஜன் தட்டவில்லை. செத்தவனுக்கா தட்டுவது? வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். வீரணன் தாழைத் தள்ளினார்.

நாலு எட்டு வைத்திருப்பார்கள்.

டொக். டொக்... கொஞ்சம் விட்டு, டொக்.

உள்ளேயிருந்து. வீட்டுக்குப் பிந்தி வருகிற நாளில் கர்ணன் விஜியை எழுப்புகிற தட்டு.

"எலியா இருக்கும் தம்பி..."

"எலி எண்ணித் தட்டுமாண்ணே?"

சட்டைப்பைக்குள் வில்லை ஐஸ் மாதிரி நெஞ்சைச் சுட்டது. ஓடிப்போய்த் தாழை உருவினான். உள்ளே யாரும் இல்லை. அடுக்கடுக்காகப் பெட்டிகள், திராட்சை வாடை... அதற்கு ஊடே, கர்ணன் போடுகிற பன்னீர்ப் புகையிலை.

வில்லையைத் திரும்ப மாட்டினான். கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகும் அந்தக் கிடங்கில் எத்தனையோ தடவை கரண்டு பொசுக்கென்று போயிருக்கிறது. சுருளிராஜனை ஒரு தடவைகூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கரண்டு வந்ததும் மோட்டார் தானாக உறுமும். ஃபைல் மிஞ்சுவதே இல்லை...

யாரோ முறையாக அழித்துவிட்டிருப்பார்கள்.