கடைசிப் படத்துக்குத் தேதி

இல்லண்ணாச்சி, அந்த ஓரத்து மஞ்சக் கறைய அழிச்சிராதீங்க. அது கஞ்சி. வரைஞ்சிக்கிட்டே அம்மாவுக்கு ஊட்டுனேன், தெறிச்சிட்டு. ஸ்கேன்ல தெரிஞ்சா தெரியட்டும். மெட்ராஸ் கம்பெனிக்காரவிய கறையப் பாத்தா வேலை குடுக்கப்போறாவ?

கார்ட்டூன் படம் பண்ணுத கம்பெனி. நான் இம்புட்டு நாளும் எங்க ஊரு பேண்டேஜ் கம்பெனியில அட்டைப்பெட்டிக்கு டிசைன் போட்டுக்கிட்டுக் கெடக்கேன். அதையெல்லாம் அடுக்கி அனுப்புனேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆள எதுக்க வச்சுப் பாத்து வரைஞ்சது வேணும், கை, காலு, மூஞ்சின்னு மெயில் போட்டாவ. போட்டோவப் பாத்து வரைஞ்சா கண்டுபிடிச்சிருவாவளாம். நாளைக்குக் கடைசி நாள். இத விட்டா நான் பெட்டியோடயே கெடக்க வேண்டியதுதான்.

எங்க தெருவுல எவ உக்காருவா? குருவம்மா மதினி ஒருநாள் உக்காந்தா. மூக்கு வரைக்கும் வந்திருப்பேன், அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடிட்டா. பொறவுதான் அம்மா பக்கம் திரும்புனேன். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு அவளுக்கு, கட்டில விட்டு எங்கயும் போகமாட்டா பாருங்க. சிரிங்க, பரவாயில்ல. அவளும் அப்பிடிச் சொல்லித்தான் சிரிச்சா. வாய் கோணிக்கிட்டு வருமே ஒரு சிரிப்பு, அதப் பிடிக்கதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு. இப்ப உங்க கையில இருக்கே, அதுதான்.

ஏட்டி, மில்லுல நின்னு நின்னு வீங்குன காலு, இதப் போயா பட்டணத்துக்காரனுக்கு அனுப்பப்போற, நகத்தையாவது வெட்டிவிடுன்னா அம்மா. வெட்டிவிட்டுட்டுத்தான் வரைஞ்சேன். அண்ணன் முத்துப்பாண்டிக்குத்தான் பிடிக்கல. சீக்காளிய ஊருக்குக் காட்சி காட்டுதியான்னு திருப்பூர்ல இருந்து போன்ல வைவான். ஒருநாள் அம்மா நல்ல கையால போன வாங்கி, நான் காட்டுதேன், அவ வரையுதா, ஒனக்கு என்னலேன்னுட்டா. கொழறித்தான் சொன்னா. அவனுக்கு நல்லா வெளங்கிட்டு.

ராஜபாளையத்துல ஸ்கேன் கடை இல்லாமலா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வாரேன்? இருக்கு. அங்க எல்லாருக்கும் என்னயத் தெரியும். இந்த நேரத்துல இதத் தூக்கிக்கிட்டு வந்துட்டியேன்னு கேப்பாவ. பதில் சொல்லி மாளாது.

இந்தப் படம் மொதப் பக்கத்துக்கா? அது வேண்டாம் அண்ணாச்சி, கடைசியில இருக்கட்டும். நல்லாருக்குன்னு எனக்கும் தெரியும். கழுத்து, தோளு, விரலு மடங்குனது, எல்லாம் அப்பிடியே அமைஞ்சிட்டு. மத்ததுல எங்கயாவது ஒரு அவசரம் தெரியும். கொசு அடிப்பா, தண்ணி கேப்பா, முதுகு அரிக்குதும்பா.

ஆமா, அதுக்கு மட்டும் தேதி போடல. எல்லாத்துக்கும் போடணும்னு சொல்லியிருக்காவ, நீங்களே எழுதிருங்க. போன செவ்வாக்கெழம.

அன்னைக்குத்தான் அம்மா போனா. விடியக்கால காப்பி கொண்டுபோய்க் கூப்பிட்டேன், எந்திரிக்கல. கையத் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. அழுகை வரல எனக்கு. டம்ளரக் கீழ வச்சிட்டு பென்சில எடுத்துட்டேன். சத்தம் குடுத்தா தெருவே வந்துரும்லா. குளிப்பாட்டி, கோடித்துணி போத்தி, வாய் தொறக்காம நாடியக் கட்டிருவாவ, பொறவு அவ எனக்கு இல்ல. செத்த நேரம் என்கிட்டயே இருக்கட்டும்னு இருந்துச்சு அண்ணாச்சி. அவ்வளவுதான். கட்டில்கிட்ட வெயில் வார வரைக்கும் வரைஞ்சேன்.

முடிச்சிட்டுத்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன். எப்பம்மா உயிர் போச்சுன்னு கேட்டு அழுதான். இப்பத்தாண்ணேன்னு சொன்னேன்.