சுண்டெலி நின்ற சுவர்

ஹலோ... ஹெட்மாஸ்டர் சாரா? ஆமா சார், நான்தான், வரலாறு டீச்சர்... கேக்குது, கேக்குது... இல்ல சார், இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்...

சார்... சார், ஒரு நிமிஷம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. பிள்ளை போயிட்டா சார்... ஆமா... கால் மணி நேரம் ஆகுது. ஆபரேஷன் முடியறதுக்குள்ளயே... சுண்டெலிதான் சார். எட்டாம் வகுப்பு, முதல் பெஞ்ச். நீங்ககூட அப்படித்தானே கூப்பிடுவீங்க...

மத்த பசங்களா? நாப்பது பேரும் வெளியில பஸ்ல இருக்காங்க. பி.டி. சார் கூட இருக்கார்... இல்ல, சொல்லல. கால் முறிஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம்...

ம்... பேனா இருக்கு. சொல்லுங்க... "ஆசிரியை பலமுறை எச்சரித்தும்"... ம்... "மாணவி தானாகவே இடிந்த சுவரின் மேல் ஏறி"...

சார், அப்படி நடக்கலையே சார்.

போர்டா? இருந்துச்சு. ஏறக்கூடாதுன்னு பெருசா எழுதியிருந்துச்சு. காலையில கோட்டைக்குள்ள நுழையறப்பவே நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அகழி, குதிரை லாயம், ராணி குளிச்ச தொட்டி, எல்லாம் சுத்திட்டு மத்தியானம் குரூப் போட்டோ எடுத்தோம். அவ குள்ளம். எங்க நிறுத்தினாலும் முகம் மறைஞ்சுது. அந்தச் சுவர் மேல ஏறி நில்லுடின்னு நான்தான் சார் சொன்னேன்... ஆமா, நானேதான்! "டீச்சர், போர்டு..."ன்னு இழுத்தா. "பரவாயில்ல, ஒரு நிமிஷம்தானே"ன்னேன்.

கல்லு பெயர்ந்துடுச்சு சார். அந்தப் பக்கம் ரெண்டு ஆள் ஆழம்... நான் போனைப் பிடிச்சுக்கிட்டு சிரிங்க சிரிங்கன்னு... ஆளைக் காணோம்...

இல்ல... அழல. சொல்லுங்க... ஆமா சார், பள்ளிக்கூடத்துப் பேரு... புரியுது... ஆமா, வேலை இன்னும் நிரந்தரம் ஆகல... என் பொண்ணை எதுக்கு சார் இதுல இழுக்கறீங்க? அவளுக்கு நாலு வயசு...

பசங்க எல்லாரும் பார்த்தாங்களே சார்!... ஓ... அவங்க வீட்டுல நீங்க பேசிக்குவீங்களா...

...சரி சார்... சரி... சரிங்க சார். இன்ஸ்பெக்டர் வந்தா இதையே கையெழுத்து போட்டு...

இருங்க, இருங்க. அவ அப்பா சார். வந்துட்டார்... வேலை பார்த்த இடத்துலேர்ந்து அப்படியே ஓடி வந்திருக்கார், சட்டையெல்லாம் மரத்தூள்... இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது...

வாங்கய்யா. இப்படி உட்காருங்க... என்னது?... ஐயோ, நீங்க எதுக்குய்யா என்கிட்ட மன்னிப்பு... அவ சேட்டை பண்ணி ஏறினான்னு யார் சொன்னா?... பி.டி. சாரா?... கையை விடுங்கய்யா... விடுங்க...

சார், லைன்ல இருக்கீங்களா? "என் பொண்ணு உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார் சார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்டிச்சு வைக்கிறேன்ங்கறார்...

முடியாது சார்... முடியாதுன்னா முடியாது. வேலைதானே, எடுத்துக்கோங்க...

ஐயா, என்னைப் பாருங்க. அவ சேட்டை பண்ணல. நான் ஏறச் சொன்னேன், அவ ஏறினா. அவ... கொஞ்சம் இருங்கய்யா, சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்...

காதுல விழுந்துச்சா சார்? இன்ஸ்பெக்டர்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்... இல்ல, இனிமே நீங்க பேசாதீங்க. இவர்கிட்ட இன்னும் பாதிதான் சொல்லியிருக்கேன். வைக்கிறேன்.