தோற்கட்டும் என்றவர்

மகனுக்கு இந்த வேலையும் கிடைக்கவில்லை. அந்தக் கலக்கத்தோடு பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஆலைச் சீருடையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"நம்ம ஏரியா ஹாக்கி டீமு இந்த வருசம் தோக்கணும் மாமே."

"இன்னாப்பா இது, மேட்சுக்கு மேட்சு தொண்ட கியியக் கத்துற ஆளு நீ!"

"பழைய ஆளுங்கள்லாம் வயசாயி நின்னுட்டானுங்க. இப்ப கீறது பூரா புதுப் பசங்க. ஜெயிச்சா பெரிய ஆபீஸ்காரன் வேல குடுத்து அவன் டீமுக்கு ஒவ்வொருத்தனா இட்டுகினு பூடுவான். ரெண்டு வருசம் ஒண்ணா ஆடட்டும், அப்பால பாரு."

"பசங்களுக்கு வேல வாணாவா?"

பாரிவாக்கம் தாண்டும்போது ஜன்னலோரத்தவர் ஒரு விரலை மடக்கினார்.

"கோல் கீப்பருக்கு அப்பன் இல்ல. அவன் மட்டும் போவட்டும்."

"லெப்ட் அவுட்டு?"

"ரெண்டு தங்கச்சி கீதுங்க… சரி, அவனும் போவட்டும்."

ஆவடி வருவதற்குள் டீமில் ஒருவரும் மிச்சமில்லை.

"அப்ப ஜெயிக்கணுமா?" இறங்கும்போது நண்பர் கேட்டார்.

"பின்ன? ஞாயித்துக்கெயம சீக்கிரம் வந்துரு. நல்லா கத்தணும்."