ஷிமேயின் முறை

– முதல்ல அந்தக் காசை உள்ள வை, யெர்கா. உன்கிட்ட காசு வாங்கிட்டு காப்பி ஊத்தற அளவுக்கு இந்த டோன்கோ இன்னும் கெட்டுப் போகல.

– நான் குடிக்கறதுக்குக் கேக்கல. அஞ்சு காப்பி, உன் ஜன்னலோர மேஜைக்கு. காசு ஷிமேயோடது.

– எந்த ஷிமே? ரெண்டு வருஷத்துக்கு மேல என் கடை வாசப்படியை மிதிக்காத ஷிமேயா?

– ஆமாமா. எனக்கு வாச்சது அந்த ஒரு ஷிமேதான்.

– இங்க பாரு, விளையாடாத. பத்து நாளா ஸ்ப்ளிட் டவுன் ஆஸ்பத்திரில கிடக்கான்னு ஃப்ரானே சொன்னான். நெஞ்சு வலியாமே. எப்படி இருக்கான் இப்போ?

– காலைல ஃபோன் வந்துச்சு. ஒரு மணிக் கப்பல்ல போறேன்.

– அப்போ அனுப்பறாங்களா! அப்பாடா. அந்தப் பையில என்ன, மாத்துத் துணியா?

– துணிதான்.

– நல்லதா எடுத்துக்கிட்டியா? கப்பல்லேர்ந்து இறங்கும்போது நோயாளி மாதிரி இறங்கக் கூடாது அவன். ஊரே துறையில நின்னு பாக்கும்.

– இருக்கறதுலயே நல்லதைத்தான் எடுத்திருக்கேன். பேச்சை மாத்தாத. அஞ்சு காப்பி. ஃப்ரானே, பெப்போ, ரோகோ, நீ. அவரோட நாற்காலிக்கு முன்னாடி ஒண்ணு.

– வராதவனுக்கு எதுக்கு காப்பி?

– வை. ஆறினா ஆறட்டும். மூணு பேரும் எத்தனை மணிக்கு வருவாங்க?

– பதினோரு மணிக்கு. வலையைக் காயப் போட்டுட்டு நேரா இங்கதான். மூணு பேரா சீட்டாட்டமும் சரியா வர்றதில்ல, தெரியுமா? நாலாவது ஆளா என்னை உக்கார வெச்சுட்டு, நான் தப்பா இறக்கினா மூணு பேரும் சேந்து திட்டறானுங்க.

– திட்டட்டும். காப்பி இப்போ என்ன விலை?

– அதானே பாத்தேன், சண்டைக்குத்தான் வந்திருக்க! நானா ஏத்தினேன்? பொடி ஏறிச்சு, பால் ஏறிச்சு, கரண்ட் ஏறிச்சு, இந்த மெஷினுக்கு வாஷர் மாத்த வர்றவன் கூட கப்பல் டிக்கெட்டைச் சேத்துத்தான் கேக்கறான். டிவில ஒரு பொண்ணு, விலைவாசி ஏறுற வேகம் குறைஞ்சிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. வேகம்தானே குறைஞ்சுது? மாடிப்படியில மெதுவா ஏறுறவனும் மேலதான் போறான்!

– ஷிமேவும் அந்தப் பொண்ணைத்தான் திட்டுவாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே டிவியைத் திட்டியிருக்கீங்க, தனித்தனி வீட்டுல உக்காந்து.

– பென்ஷனை ஏத்தினாங்களே?

– ஏத்தினாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை. அது எங்க கைக்கு வர்றதுக்குள்ள எண்ணெய்க்காரன் ரெண்டு தடவை ஏத்திடறான். ஜனவரில ஒரு வெள்ளிக்கிழமை யாரும் கடைக்குப் போகக் கூடாதுன்னு நாடே சேந்து நின்னுச்சே, அன்னைக்கு மனுஷனுக்கு ஒரே பெருமை. ‘பாரு யெர்கா, இன்னைக்கு நாமளும் வாங்கல, நாடும் வாங்கல’ன்னாரு. மத்த நாள்ல மட்டும் என்ன வாங்கிக் குவிச்சோம்? தோட்டத்துக் கீரையும் உருளைக்கிழங்கும்தான்.

– நாடு வெள்ளிக்கிழமைதான் பண்ணுச்சு. உன் புருஷன் என் கடைக்கு எதிரா ரெண்டு வருஷமா பண்றான்.

– அப்படியா நெனச்ச?

– வேற எப்படி நெனைக்கறது? உங்க கல்யாணத்துல மோதிரம் எடுத்துக் கொடுத்தவன் நான். குனா போயி யூரோ வந்து காசு மாறின வாரம் நான் விலையை மாத்தினேன், அடுத்த நாளே ஆள் காணோம். அதோ, அலைதடுப்புச் சுவர் பெஞ்சு. தினமும் காலைல ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவான். எல்லாரும் பாக்கட்டும், டோன்கோ கொள்ளைக்காரன்னு ஊர் பேசட்டும்னுதானே?

– ஆமாமா. அதுக்குத்தான் நீ பதிலுக்கு ஒரு பேர் வெச்ச.

– எந்தப் பேர்?

– என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

– ...பதினேழு சென்ட் ஷிமே.

– கணக்கையும் சொல்லு, கேப்போம்.

– பத்து குனா காப்பி. யூரோவுல ஒண்ணு முப்பத்திமூணு. நான் ஒண்ணரைன்னு போட்டேன். பதினேழு சென்டுக்கு அம்பது வருஷ சிநேகிதத்தை வித்துட்டான்னு கோவத்துல ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை, யெர்கா.

– நீ ஒரு தடவைதான் சொன்ன. மிச்சத்தை ஊர் சொல்லிச்சு. மீன் வாங்கப் போனா, ‘பதினேழு சென்டுக்கு ஒரு கிலோ மத்தி கொடுங்கப்பா’ன்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் கத்துவான். அதுக்கப்புறம் மீன் வாங்க நான்தான் போனேன்.

– எனக்கு... இது எனக்குத் தெரியாது.

– பதினேழு சென்டுக்காகப் போகல அந்த மனுஷன். மூணு ராஜாக்கள் திருநாள் ஞாபகம் இருக்கா? பூசை முடிஞ்சு, எல்லாரும் நல்ல உடுப்போட நேரா இங்க வந்தீங்க. புதுக்காசு வந்த முதல் வாரம்.

– இருக்கு. கூட்டம் தாங்கல அன்னைக்கு.

– அன்னைக்குக் காப்பி வாங்கறது யார் முறை?

– யார் முறைன்னா... முந்தின நாள் பெப்போ கொடுத்தான். அப்போ ஷிமே.

– ஷிமே. எத்தனை வருஷமா அந்த மேஜைல முறை போட்டு வாங்கினீங்க?

– கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து. ஒரு நாள் ஒருத்தன், மேஜை முழுக்க. யாரும் யார்கிட்டயும் சும்மா குடிச்சதில்ல. அதெல்லாம் இப்போ எதுக்கு?

– அன்னைக்கு நீ என்ன சொன்ன?

– தப்பா ஒண்ணும் சொல்லல. மேஜைக்கு அடியில உள்ளங்கைய விரிச்சுக் காசை எண்ணிக்கிட்டிருந்தான். திருப்பித் திருப்பிப் பாக்கறான், மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணறான். எனக்கு மனசு கேக்கல. ‘விடு ஷிமே, இனிமே உன் முறை வந்தா அது கடைச் செலவு, நீ காசு தர வேணாம். பென்ஷன்காரனுக்கு இந்த விலை தாங்காது’ன்னேன்.

– சத்தமா.

– என் குரலே அப்படித்தானே!

– ஆமாமா. பூசைக்கு வந்த ஊர் மொத்தமும் கேட்டுச்சு. என்கிட்ட எப்பவும் சொல்லல. போன வாரம் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு. ‘கடன் வாங்கியாவது கொடுத்திருப்பேன் யெர்கா, என் முறையையே எடுத்துட்டான்’னாரு.

– நான் நல்லதுக்குத்தானே...

– அதுதான் வம்பே. நீ கெட்டதுக்குச் சொல்லியிருந்தா, ரெண்டு வார்த்தை திட்டிட்டு மறுநாள் வந்து உக்காந்திருப்பாரு. நல்லதுக்குச் சொன்னவனை என்னன்னு திட்டறது? தன் முறை இல்லாத மேஜைல பெப்போ வாங்கற காப்பியை எந்த மூஞ்சியோட குடிக்கறது?

– அட கடவுளே. அவன் ஃபிளாஸ்க்ல என்ன கொண்டு வருவான்?

– காப்பிதான். பேருக்கு. பொடி விக்கற விலைக்கு, காலைல போட்ட மண்டியையே ரெண்டாம் தடவை கொதிக்க வெப்பேன். மலைக்காத்து அடிக்கற நாள்ல உன் கடை வாசனை அந்த பெஞ்சு வரைக்கும் வருமாம். அன்னைக்கு மட்டும் ஃபிளாஸ்க்கைத் திறக்காமலே கொண்டு வந்துடுவாரு.

– யெர்கா, போதும்.

– நீ கேட்ட, நான் சொன்னேன்.

– இங்கேர்ந்து அந்த பெஞ்சு எவ்வளவு தூரம்? கதவைத் திறந்து, ‘டேய் ஷிமே, வாடா உள்ள’ன்னா போதும். ஊருக்கே கேக்கற குரல்ங்கற. அந்த ஒரு வார்த்தைக்கு வரல பாரு. தினமும் கண்ணாடியைத் தொடைக்கற சாக்குல அவன் முதுகைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவனே வரட்டும், அவனே வரட்டும்னு. முட்டாள்!

– அவரும் அதேதான். நீ கூப்பிடுவன்னு பாத்தாரோ என்னவோ. மழையிலயும் போவாரு.

– கொடு அந்தக் காசை. வாங்கிக்கறேன்.

– எண்ணி வாங்கு.

– ரெண்டு, நாலு, ஆறு... ஏழு... ஏழரை. என்ன இது, எல்லாம் பளபளன்னு இருக்கு? கை பட்ட காசு மாதிரியே இல்லையே.

– உன் மேஜைக்கு அடியில எண்ணினாரே, அதே காசுதான். வேற எதுக்கும் எடுக்கல. அரிசிக்கு இல்லாத நாள்லயும் எடுக்கல.

– அஞ்சு காப்பிக்கு. ஒண்ணரை வீதம். சரியா எண்ணித்தான் வெச்சிருந்திருக்கான்.

– சரியாத்தான் எண்ணுவாரு. இப்போ என்ன விலைன்னு கேட்டேன், நீ இன்னும் சொல்லல.

– விடேன்.

– டோன்கோ.

– ரெண்டு யூரோ. போன மாசத்துலேர்ந்து.

– அப்போ பத்து ஆகுது. ரெண்டரை குறையுது. என் பர்ஸ்ல கப்பலுக்கு மட்டும்தான் இருக்கு.

– அட, ரெண்டரைதானே, அதை நான்...

– வாயை மூடு! இன்னொரு தடவை அதைச் சொன்னா, காசை அள்ளிக்கிட்டுப் போயிடுவேன்.

– சரி, சரி, சொல்லல. உக்காரு. இங்க பாரு... கடன். ஷிமே எனக்கு ரெண்டரை யூரோ கடன். ஆச்சா? ஒரு சென்ட் கூட விட மாட்டேன்னு சொல்லு அவன்கிட்ட. உன் கையிலயும் வாங்க மாட்டேன், ஃப்ரானே கையிலயும் வாங்க மாட்டேன். அவனே வந்து, அந்த நாற்காலில உக்காந்து, அவன் கையால மேஜை மேல வைக்கணும். சீக்கிரம் வரச் சொல்லு. கோடைல ஊர் சுத்திப் பாக்க ஜெர்மன்காரன் வந்துட்டா ரெண்டு இருவது ஆக்கிடுவேன், கடனும் சேந்து ஏறும்னு சொல்லு!

– சொல்றேன்.

– அந்தப் பேரை முதல்ல வெச்சவன் நான்தான்னும் சொல்லு. வேணாம், அதை நான் சொல்லிக்கறேன். துறைக்கே வந்துடறேன். நாளைக்கு எந்தக் கப்பல்ல வர்றீங்க?

– நாளைக்கு மறுநாள் இருக்கும். முதல்ல கல்லாவுல போட்டு ரசீது அடி.

– நமக்குள்ள எதுக்கு ரசீது?

– எனக்கு வேணும். மேஜைல வை, மூணு பேரும் பாக்கட்டும். பத்து யூரோ, ஷிமே முறைன்னு.

– பிடிவாதத்துல நீ அவனுக்கு மேல. இந்தா, அடிச்சாச்சு. அரசாங்கத்துக்கே கணக்குப் போயிடுச்சு. இனி நானே நெனச்சாலும் திருப்பித் தர முடியாது. போதுமா?

– போதும். இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீ வாங்கியிருக்க மாட்ட.

– என்ன சொல்லியிருந்தா?

– விடியக்காலைல போயிட்டாரு, டோன்கோ. அவருக்குக் கடைசியா உடுத்திவிட அந்தத் திருநாள் சூட்டை எடுத்தேன். காசு அதோட பையில இருந்துச்சு.